ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிள்ளை

நாலாம் வகுப்புப் படங்கள் வந்த அன்று டச்சப் அக்காவுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. டச்சப் அக்கா என்பது அவளுடைய பெயரல்ல. கணவர் நடத்தும் ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னலே இல்லாத ஆறடி இடத்தில், பதினாலு வருஷமாகக் கணினி முன்னால் உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தைச் சரிசெய்து வந்ததால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். பருவை எடுப்பாள். மூடியிருக்கும் கண்ணை வேறொரு படத்திலிருந்து எடுத்துத் திறந்து வைப்பாள். உயிரோடு இருந்தவரை கோட்டுப் போட்டே அறியாத பெரியவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறாள். "இதெல்லாம் பொய்தானே அக்கா" என்று யாராவது கேட்டால், "கேட்டு வாங்குற பொய்" என்பாள்.

பள்ளிக்கூட ஆர்டர் வருஷத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அடையாள அட்டைக்காக முகம் மட்டும் ஒரு படம். பிறகு வகுப்பு வகுப்பாகக் குழுப் படம். கணவர் அன்று மெமரி கார்டோடு ஒரு துண்டுச் சீட்டையும் மேசையில் வைத்தார். வகுப்பு ஆசிரியையின் கையெழுத்து, அச்சடித்த மாதிரி இருந்தது. 'முப்பத்திரண்டாம் எண் பிள்ளையைக் கடைசி வரிசை ஓரத்தில் ஒட்டிச் சேர்க்கவும்.'

"இந்தப் பிள்ளை அன்னிக்கு லீவா?" என்று கேட்டாள்.

"லீவெல்லாம் இல்ல. அங்கதான் நின்னுச்சு. தண்ணிக் குழாய் பக்கத்துல."

"அப்புறம் எதுக்கு ஒட்டணும்?"

அவர் லென்சைத் துடைக்கத் தொடங்கினார். சுத்தமாக இருக்கிற லென்சை அவர் துடைத்தால் சங்கதி சரியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"தலையில பேனாம். மத்த பிள்ளைங்களோட நெருக்கி நிக்கவைக்க முடியாதுன்னு டீச்சர் சொன்னாங்க. தனியா எடுத்துட்டா நீங்க கம்ப்யூட்டர்ல சேர்த்துடுவீங்கல்லன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுத்தேன்."

"எடுத்தீங்க."

"முன்னூறு பிள்ளைங்க வரிசையில நிக்குது. வெயில் ஏறிட்டே போகுது. அங்க நின்னு நியாயம் பேசச் சொல்றியா?"

"போன வருஷம் நம்ம வீட்டுல நாலு தலையிலயும் பேன் இருந்துச்சு. உங்க தலையிலயும்தான். உங்கள யாரு குழாயடியில நிறுத்தினா?"

அவர் முன்னறைக்குப் போய்விட்டார். பாஸ்போர்ட் படத்துக்கு யாரோ வந்திருப்பது போல இரண்டு முறை கனைத்தார். யாரும் வந்திருக்கவில்லை.

அவள் முப்பத்திரண்டாம் எண்ணைத் திறந்தாள். சிமெண்டுச் சுவர், ஈரத்தரை, கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. நடுவில் அந்தப் பெண். எட்டு வயசு, ஒன்பது வயசு இருக்கும். வீட்டில் அவசரமாக வெட்டிய முடி, ஒரு காதுக்கு மேலே ஏறி, மறு காதுக்குக் கீழே இறங்கியிருந்தது. சிரி என்று கணவர் சொல்லியிருக்க வேண்டும். பல் தெரியச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. கணினியை அப்படியே விட்டுவிட்டுப் போய்த் துணி மடித்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலை. சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. படம் எடுக்க வரவில்லை, ஒரு விஷயம் கேட்க வந்தேன் என்றாள்.

"நாலாம் வகுப்புப் படம் இங்கதானே ரெடியாகுது? எம்பொண்ண அதுல ஒட்டுவீங்களாமே."

டச்சப் அக்கா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"ஓரத்துல ஒட்டச் சொல்லியிருக்காங்களாம். அவளோட சிநேகிதி ரெண்டாவது வரிசையில நிக்குது, கண்ணாடி போட்ட பொண்ணு. முடிஞ்சா அது பக்கத்துல ஒட்டுறீங்களா? வீட்டுல அதத்தான் கேட்டுட்டே இருக்கா."

இந்த அம்மா சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை. பிள்ளையைத் தள்ளி நிறுத்தியது யார் என்று கேட்காமல், பொய்யான படத்தில் கொஞ்சம் நல்ல இடமாகப் பார்த்துத் தரச் சொல்லிக் கெஞ்சுகிறாளே என்று டச்சப் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்கூல்ல போய் நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தக் கேக்குறது? பேன் இருந்துச்சுங்க. இல்லன்னு நான் சொல்லல. டீச்சர் வகுப்புல எல்லார் முன்னாலயும் சொன்ன அன்னிக்கே முடிய வெட்டி, மருந்து போட்டு, ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் போட்டு, தினமும் ஈரத்தலையில சீப்புப் போட்டு வாரினேன். இப்ப ஒண்ணும் இல்ல. சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. துவைக்கிற வேலைதானே, அங்கேயிருந்து வந்திருக்கும்னாங்க." வெளுத்த விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "நான் துவைக்கிற துணியில ஒரு முடி இருந்தாலே திருப்பி அனுப்பிடுவாங்க."

அவள் போன பிறகு டச்சப் அக்கா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாலாம் வகுப்பின் அடையாள அட்டைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலில் முப்பத்திரண்டு. பெரிதாக்கிப் பார்த்தாள். வகிட்டை ஒட்டி, காதோரம், நெற்றி மேட்டில். வேரிலிருந்து விரல் அகலம் தள்ளி இரண்டு மூன்று வெற்றுக் கூடுகள், எப்போதோ பொரித்துப்போன ஈர்களின் ஓடு. வேரோரம் சுத்தம். அந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மை.

பிறகு ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். கணவர் புதிதாக வாங்கியிருந்த விளக்கு பளிச்சென்று அடிக்கிற விளக்கு. ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக எண்ணலாம். நான்காம் எண்ணில் நிறுத்தினாள். காதுக்கு மேலே, வேரோடு வேராக, வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பொடுகு என்றால் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும். இது ஒவ்வொன்றும் ஒரு முடியைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு மகள்களின் தலையில் பத்து நாள் குனிந்து கிடந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதாம் எண். பதினொன்று. பதினேழாம் எண்ணில், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையின் வகிட்டில், ஓர் உயிருள்ள பேனே படத்துக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட சிநேகிதியின் தலையிலும் இருந்தது. நாற்பது பிள்ளைகளில் பதின்மூன்று பேர்.

முதலில் அவளுக்குத் தோன்றியது இதுதான். பதின்மூன்று படத்தையும் பெரிதாக அச்சடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம் போட்டு, பள்ளிக்கூட வாசலில் ஒட்ட வேண்டும். ஓரத்தில் ஒட்டச் சொன்னார்கள் அல்லவா, ஒட்டிக் காட்டுகிறேன். நான்காம் எண்ணுக்கு வட்டம்கூடப் போட்டுவிட்டாள். வட்டத்துக்குள்ளே இருந்த முகத்தைப் பார்த்தாள். முன்பல் விழுந்த பையன். இவன் என்ன செய்தான்? வட்டத்தை அழித்தாள். அழித்தாலும் கோபம் குறையவில்லை, கை மட்டும்தான் நின்றது.

மறுநாள் காலை மடிக்கணினியைப் பையில் போட்டபோது கணவர் வழிமறித்தார்.

"ஆர்டர் போயிடும்."

"போகட்டும்."

"நீ எதுவும் பேசாம குடுத்துட்டு வா. நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேசின லட்சணத்ததான் பார்த்தேனே."

தலைமை ஆசிரியை மேசைமேல் கோப்பைகளும் கேடயங்களும் வைத்திருந்தார், பேசுகிறவர் முகம் தெரியாத அளவுக்கு. டச்சப் அக்கா இரண்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். முகங்களை வெட்டி நீக்கிவிட்டு, முடியை மட்டும் வைத்திருந்தாள். எண்கள்கூட இல்லை. பதின்மூன்று படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினாள்.

"இதெல்லாம் உங்க நாலாம் வகுப்புப் பிள்ளைங்க தலை மேடம். பாத்துக்குங்க."

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஏழாவது படத்தில் அவர் கை தன்னையறியாமல் பின்னந்தலைக்குப் போயிற்று.

"யார் யாருன்னு லிஸ்ட் குடுங்க. இன்னிக்கே நடவடிக்கை எடுக்குறேன்."

"லிஸ்ட் தரமாட்டேன்."

"ஏன்?"

"தந்தா குழாயடியில பதிமூணு பேரு நிப்பாங்க. ஒரு பிள்ளைய நிறுத்தினது போதும்."

"பாருங்கம்மா, அந்தப் பொண்ணை நிறுத்தினது மத்த பிள்ளைங்களோட பாதுகாப்புக்காக. குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுச் சூழ்நிலை அப்படி."

"எந்த வீட்டுச் சூழ்நிலை? நீங்க போய்ப் பாத்தீங்களா?" அவள் குரல் உயரவில்லை. ஆனால் வராந்தாவில் நடந்துபோன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "நாப்பது பிள்ளைங்கள்ல தலை சுத்தமா இருக்கிற பிள்ளையப் பாத்துத் தள்ளி வச்சிருக்கீங்க. அதோட அம்மா துவைக்கிறவங்க, வந்து சண்டை போட மாட்டாங்க, அதனால அது மேல கை வச்சீங்க. பேன் யார் வீட்டுக்கும் சொல்லிட்டு வர்றதில்ல மேடம். பணக்கார வீடு ஏழை வீடுன்னு பாக்கத் தெரியாத பிராணி. நம்மளுக்குத்தான் அது நல்லாத் தெரியுது."

தலைமை ஆசிரியை தள்ளிவைத்த கோப்பைகளை மறுபடி நேராக்கினார். "இப்ப என்ன செய்யணும்னு சொல்றீங்க?"

"எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஒரு சீட்டு அனுப்புங்க. யார் பேரும் வேண்டாம். ஒரே ஞாயித்துக்கிழமை எல்லாரும் பிள்ளைங்க தலைக்கு மருந்து போட்டு வாரட்டும். அடுத்த ஞாயிறு மறுபடியும். ஒரு வீடு விட்டு ஒரு வீடு செஞ்சா பிரயோஜனம் இல்ல, சுத்திச் சுத்தி வரும். அது முடிஞ்சதும் நாலாம் வகுப்புப் படத்த நாங்க மறுபடி எடுக்குறோம். எல்லாரையும் சேர்த்து நிக்கவச்சு. ஒட்டுற வேலை நான் செய்யறதா இல்ல."

"அந்தப் பொண்ணு இல்லாம இருக்கிற படத்தையே கொடுத்தா?"

"கொடுக்கவே மாட்டேன்."

தலைமை ஆசிரியை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசவும் இல்லை. ஆனால் சீட்டு போயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துக் கடையில் பேன் சீப்பு கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு டச்சப் அக்கா கசப்போடு சிரித்துக்கொண்டாள். சிலர் வீட்டில் இரண்டு தலைமுறைக்கும் சேர்த்து வாங்கியிருப்பார்கள் போல.

மூன்றாவது வாரம் மறுபடி படம் எடுக்க அவளும் கணவரோடு போனாள். பிள்ளைகளை நிறுத்துகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். முப்பத்திரண்டாம் எண், யாரும் சொல்லாமலே, குழாயடிக்குப் போய் நின்றிருந்தாள். அதைப் பார்த்ததும் டச்சப் அக்காவுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து இரண்டாவது வரிசையில், கண்ணாடிக்காரி பக்கத்தில் நிறுத்தினாள். கண்ணாடிக்காரி, "எங்க வீட்டுல எனக்கு மொட்டையே போடப் பாத்தாங்க, தெரியுமா" என்று பெருமையாகச் சொன்னாள். இரண்டும் சிரிக்க ஆரம்பித்தன. கணவர் மூன்று முறை அடக்கிப் பார்த்துவிட்டு, சிரிக்கிறபடியே எடுத்தார்.

சாமான்களைக் கட்டும்போது வகுப்பு ஆசிரியை அருகில் வந்து நின்றாள். சின்ன வயசுதான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒரு வாரமா எனக்கும் அரிக்குது. கொஞ்சம் பாக்குறீங்களா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டச்சப் அக்கா அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி, முடியை விலக்கிப் பார்த்தாள். இருந்தது.

"இருக்கு. சாயங்காலமே மருந்து போடுங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." முடியைச் சரிசெய்துவிட்டாள். "அந்தப் பிள்ளைக்கு இருந்தப்ப நீங்க வகுப்பு மொத்தத்துக்கும் முன்னால சொன்னீங்க."

ஆசிரியையின் காது சிவந்தது. மணி அடித்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூட ஆர்டர் வேறு ஸ்டூடியோவுக்குப் போனது. கணவர் அதைச் சொன்னபோது, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்பதை மட்டும் சொல்லாமல் விழுங்கினார். அவளும் அதற்காக அவரை மெச்சவில்லை. குழுப் படத்தின் ஒரு பிரதியை தெருவைப் பார்த்த முன்னறைக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். துவைக்கிற அம்மா வேலை முடிந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வந்து நன்றி சொன்னதில்லை. நன்றி சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று டச்சப் அக்காவும் எழுந்து போனதில்லை.