மூன்று நாளுக்கு ஒருமுறை பிரகாசித்த நட்சத்திரம்

என் நோட்டில் ஒரு நாளுக்குப் பதினான்கு கட்டங்கள். தேதி, நேரம், காற்று, மேகம், இடது கண், வலது கண், கண்ணாடியைத் துடைத்தேனா, முந்தின இரவு எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று போகும். கடைசிக் கட்டம், அன்று வகுப்புக்கு யார் வரவில்லை என்பது. அதற்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. பதின்மூன்றோடு நிறுத்தினால் பக்கத்தின் ஓரத்தில் இடம் வீணாகிறது, அதனால் போட்டேன்.

2012 ஏப்ரலில் ஆரம்பித்தது இது. பகலில் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வேலை, மாலை ஆறு முதல் எட்டு வரை வானியல் வகுப்பு, பிறகு பஸ் பிடித்து மஞ்சக்குப்பத்தில் வீடு. முதல் வாரமே திருநாவுக்கரசு சார் 2006இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வெடிப்பைப் பற்றிச் சொன்னார். இருபத்துநான்கு கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்து, அதன் வெளிச்சம் எழுபது நாள் ஏறிக்கொண்டே போனதாம். வழக்கமாக வெடிக்கும் நட்சத்திரங்கள் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. வெடித்தது சூரியனைப் போல நூறு மடங்குக்கு மேல் கனத்தது என்று கணக்கிட்டார்கள். அந்த அளவு பெரியவை எப்படிச் சாகின்றன என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார்.

அதே ஜாதியில் ஒன்று நம் பால்வீதியிலேயே இருக்கிறது. பெயர் ஈட்டா கரீனா. 1840களில் ஒருமுறை பொங்கி, பத்துச் சூரியன்களின் எடையை வெளியே கொட்டிவிட்டுப் பிழைத்துக்கொண்டது. சித்திரை, வைகாசி மாலைகளில் தெற்கே தாழ்வாக, பைனாகுலரில் தெரியும். செயல்திட்டமாக அதை எடுத்துக்கொண்டேன்.

ஏழரை மணி டீ இடைவேளையில் மொட்டை மாடிக்குப் போவேன். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகுவதற்காகத் தடிப் போர்வையால் பத்து நிமிடம் தலையை மூடிக்கொள்வேன். பிறகு போர்வைக்குள்ளிருந்தே பைனாகுலரை நீட்டுவேன். தலைக்கு நேர் மேலே, மக நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கும் ஒரு மங்கலான நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டு இறங்கிவிடுவேன். என்னோடு அதே வகுப்பில் படித்த இருவர் உண்டு. ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ரேகா, பழைய ஸ்டுடியோ போட்டோக்காரரைப் போல நான் போர்வைக்குள் நுழைவதைப் பார்த்து, கல்யாண ஆல்பத்துக்கு எப்போது போட்டோ தருவீர்கள் என்று தினமும் கேட்பாள். மின்வாரியத்தில் ஒப்பந்த ஆளாக இருந்த முஹம்மது ஆசிக், இந்தப் புழுக்கத்தில் நட்சத்திரத்துக்கு முன்னால் நான் வெடிப்பேன் என்று பந்தயம் கட்டினான்.

மூன்றாவது வாரம் முடிவதற்குள் ஒன்று தெரிந்தது. ஈட்டா கரீனா மூன்று நாளுக்கு ஒருமுறை பிரகாசமானது, மறுநாளே மங்கியது.

என் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கண் டாக்டரிடம் போனேன். ஒரு வாரம் முருங்கைக்கீரை தின்றேன். பார்க்கும் நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளினேன். நட்சத்திரம் எதற்கும் அசையவில்லை. சார் நோட்டைப் புரட்டிவிட்டு, பதிவு ஒழுங்காக இருக்கிறது, முடிவை நீயே யோசி என்றார். அந்த ஒழுங்குக்காகவே, மே மாதக் கடைசி ஞாயிறு மஞ்சக்குப்பத்தில் நடக்கவிருந்த அறிவியல் கூட்டத்தில் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார். பத்து நிமிடம். நான் பத்துப் பேர் முன்னால் பேசியதே இல்லை. வீட்டில் அக்கா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரேகா, ஆசிக் இருவர் முன்னாலும் பேசிப் பார்த்தேன். ரேகா கேட்டபடியே நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தேவசகாயம், ஆசிக் வராத அன்னிக்கெல்லாம் உன் நட்சத்திரம் நல்லா எரியுது, பாத்தியா?"

பார்த்தேன். பதினோரு நாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அவரு மூஞ்சியப் பாக்காததுல அதுக்கு ஒரு சந்தோஷம்" என்றாள்.

ஆசிக் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, விரலை வைத்துத் தேதிகளை ஒவ்வொன்றாக ஓட்டினான்.

"மச்சான், இது என் டூட்டி சார்ட்டு."

ஊரின் தெற்குப் பகுதிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏழிலிருந்து எட்டு வரை மின்வெட்டு. அன்று அவன் துணைமின் நிலையத்தில் இருக்க வேண்டும், வகுப்புக்கு வர முடியாது. எங்கள் கட்டடத்துக்கு மின்வெட்டு மதியத்திலேயே முடிந்துவிடும். தெற்கே விளக்குகள் அணைந்ததும் அந்தப் பக்கத்து வானம் கறுத்து, தாழ்வாக நின்ற நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நடுவானத்தில் நான் ஒப்பிட்ட நட்சத்திரத்துக்கு அந்த வெட்டு எட்டவே இல்லை.

"போர்வையப் போத்திக்கினு உக்காந்தா, ஊர்ல லைட்டு இருக்குதா இல்லியான்னு எப்பிடிடா தெரியும்?" என்றான் ஆசிக்.

என் கண், என் தூக்கம், என் சாப்பாடு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தேன். சுவரை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிறன்று பேசவில்லை என்று சாரிடம் சொல்லக் கிளம்பினேன். ரேகா வழியை விடவில்லை. "தலைப்ப மாத்து. நோட்ட மாத்தாத" என்றாள். சாரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதற்குப் பத்து நிமிடம் போதுமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மின்வெட்டு நாள். ஈட்டா கரீனாவுக்குப் பக்கத்திலேயே இரண்டு நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து, போர்வை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தெற்கே தென்னைகளுக்குப் பின்னால் ஒரே இருட்டு. எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"மச்சான், உன் நட்சத்திரத்த அணைக்கப் போறேன், பாத்துக்க."

தென்னைகளுக்கு மேலே மஞ்சளாக வெளிச்சம் ஏறியது. பைனாகுலருக்குள் மூன்றும் ஒரே மாதிரி மங்கின. ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் எந்த மாற்றமும் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

கூட்டத்தில் என் தலைப்பு: 'சிதம்பரம் தெற்கில் மின்வெட்டு – ஒரு நட்சத்திரத்தின் வழியாக அறிந்தது.' முதல் இரண்டு நிமிடம் தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. போர்வை விஷயம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அதன்பிறகு தாள் தேவைப்படவில்லை. முடிந்ததும் மூன்று பேர் கை தூக்கினார்கள். மூவரும் தங்கள் பகுதிக்கு எப்போது கரண்ட் போகும் என்று கேட்டார்கள்.

கேட்க வந்திருந்த அக்காவும் நானும் வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். "உன் நட்சத்திரம் கடைசியா வெடிக்குமா, வெடிக்காதா?" என்றாள் அக்கா.

நாளைக்கே வெடிக்கலாம், லட்சம் வருஷமும் ஆகலாம் என்றேன். நாம் பார்ப்பது ஏழாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின வெளிச்சம் என்பதால், ஏற்கெனவே வெடித்திருந்தாலும் நமக்குத் தெரியாது.

"அப்ப நம்ம தெரு கரண்ட்டு மாதிரி அதுக்கும் டைம்டேபிள் கெடையாது."

வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினேன். வாசலில் அக்காவின் குரல் கேட்டது. எதிர்வீட்டு அம்மாவிடம், நாளைக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று தம்பியைக் கேட்டால் நிமிஷக் கணக்காகச் சொல்வான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோட்டை எடுத்து, ஓரத்தை அளந்து பார்த்தேன். நெருக்கிப் போட்டால் பதினைந்தாவது கட்டத்துக்கு இடம் இருந்தது.