அளவு ஜாக்கெட்

கெசியாவுக்குக் கண் சும்மா இருக்காது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குவிந்து கிடக்கும் பழைய திரைச்சீலை, செம்பாக்கம் வீடுகளின் ஜன்னல் கம்பி, பஸ் சீட் உறை என்று எதில் டிசைன் தெரிந்தாலும் கேமராவைத் தூக்கிவிடுவாள். அலுவலகம் போக மிச்ச நேரமெல்லாம் இதுதான். எடுத்ததை இன்ஸ்டாகிராமில் போட்டு நாலு பேர் பாராட்டிவிட்டால் அன்றைக்குச் சோறுகூட வேண்டாம்.

அப்படிப்பட்டவள் தீபாவின் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு விடுவாளா? தீபா செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் ஒரு மாடி அறையில் மிஷின் போட்டுத் தைப்பவள். கடைக்குப் போர்டு கிடையாது. அடித்த புருஷனிடமிருந்து தப்பி, வண்ணாரப்பேட்டையிலிருந்து கட்டின துணியோடு ஓடிவந்தவள் எங்கே போர்டு மாட்டுவது? "கண்டுபுடிச்சா கொன்னுடுவான்க்கா" என்று ஒருநாள் சொன்னாள். கழுத்தோரத்துத் தழும்பைப் பார்த்த பிறகு கெசியா மேற்கொண்டு கேட்கவில்லை. புருஷன் பேர் தீபாவின் வாயில் வராது. 'அந்த ஆளு'தான்.

தைத்து மிஞ்சிய துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, தனக்கென்று தைத்துக்கொண்ட ஜாக்கெட் அது. முதுகு முழுக்க நிறம். இடது தோளருகே மட்டும் ஒரு கறுப்புக் கட்டம்.

"இது எதுக்கு தீபா?"

"திருஷ்டிக்குக்கா. எனக்குன்னு தச்சா ஒண்ணு வெச்சுடுவேன். கண்ணு பட்டுடக் கூடாதுல்ல."

படம் எடுக்க விடு என்று கெசியா கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினாள். முகம் தெரியக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு தீபா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கெசியா வாக்குத் தவறவில்லை. முகம் இல்லை, பேர் இல்லை, ஊர் இல்லை. தழும்பைக்கூடக் கூந்தலால் மறைத்தாள். கறுப்புக் கட்டத்தையும் ஜன்னல் கம்பியின் டிசைனையும் மட்டும் நன்றாகத் துலங்க வைத்தாள். என்ன இருந்தாலும் நான் கெட்டிக்காரிதான் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த வாரமே உதயா என்று ஒருவன் மெசேஜ் அனுப்பினான். மனைவிக்குப் பிறந்தநாள், இதே கையால் ஒரு ஜாக்கெட் வேண்டும், கடை எங்கே? கெசியா என்ன ஏமாந்தவளா? அளவு ஜாக்கெட்டை என்னிடம் கொடுங்கள், நானே தைத்து வாங்கித் தருகிறேன் என்றாள். தீபாவுக்கு வேலையும் ஆச்சு, இடமும் வெளியே தெரியாது.

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் சனிக்கிழமை மத்தியானம் காத்திருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, தணிந்த குரல். ஸ்டேப்ளர் அடித்து மூடிய துணிக்கடைக் கவர் ஒன்றைக் கொடுத்தான்.

"ரொம்ப நாளா பீரோவுலயே மடிச்சு வெச்சிருந்தேன் மேடம்."

"அப்போ அளவு மாறியிருக்குமே சார்?"

"கொஞ்சம் எளச்சிருப்பா. டைலர்கிட்ட குடுங்க, அவங்களுக்கே தெரியும்."

கட்டின மனைவியைப் பற்றி இளைத்திருப்பாள் என்கிறானே என்று கெசியாவுக்குச் சுருக்கென்றது. வெளியூரில் வேலை பார்ப்பவளாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே ஆளைத் துரத்தினான். ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தெரிந்தது. சிவப்பில் வெள்ளைக் கட்டம். டிசைன் அழகாயிருக்கே என்று நினைத்தாள். செம்பாக்கம் திருப்பத்தில் அதே ஹெல்மெட் மறுபடி தெரிந்தது. அப்போதும் பாழாய்ப்போனவளுக்கு டிசைன்தான் தெரிந்தது.

தீபா சந்தோஷமாகக் கவரை வெட்டினாள். உள்ளே கை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். துண்டுத் துணிகளை இணைத்த பழைய ஜாக்கெட். இடது தோளருகே ஒரு கறுப்புக் கட்டம். கழுத்துப் பட்டியில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை.

"இது நான் வுட்டுட்டு வந்தது," என்றாள். "அக்கா, நீ நேரா இங்கதான் வந்தியா?"

கெசியா ஜன்னலுக்கு ஓடினாள். கீழே பைக் மேல் அந்தச் சிவப்புக் கட்ட ஹெல்மெட் இருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை. கையிலிருந்த போனைப் பார்ப்பதும், ஜன்னல் கம்பியை நிமிர்ந்து பார்ப்பதுமாக நின்றவன், கெசியாவைக் கண்டதும் தெரிந்தவளைப் பார்த்தது போல் தலையாட்டிவிட்டு உள்ளே நுழைந்தான்.

"முகமே தெரியலையே தீபா," என்று கெசியா உளறினாள். "நான் முகத்தக் காட்டலையே."

"அவன் என் முதுகத்தான்க்கா நல்லா பாத்திருக்கான்."

படியில் செருப்புச் சத்தம், அவசரமே இல்லாமல், ஏறி வந்துகொண்டிருந்தது. கெசியா பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துளையில் சேரவே மாட்டேன் என்றது.