35961ஆம் நாள்

எங்கள் தாராவி தோல் பேக் தைக்கும் பட்டறையில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. வேலையாட்கள் பட்டியலை அடித்து முடிக்க நேற்று ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தேன். இன்று காலையில் திறந்தால், சேட்டு மகன் எதையோ அமுக்கித் தொலைத்ததில் தேதிகள் எல்லாம் வெறும் எண்களாக நின்றன. அவனைக் கேட்டால் ‘ஆட்டோமேட்டிக்’ என்பான்.

அந்த நேரம் பார்த்து சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். தோல் வெட்டுகிறவர். வயதாகிவிட்டது; இன்றோடு வேலையிலிருந்து நிற்கிறார். அதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும்.

திரையில் தன் பெயருக்கு நேரே விரலை வைத்தார். “இது என்னம்மா, 35961?”

“நீங்க வேலைக்குச் சேந்த தேதி அண்ணாச்சி. தொண்ணூத்தெட்டு, ஜூன் பதினஞ்சு. இந்தக் கம்ப்யூட்டருக்கு 1900 ஜனவரி ஒண்ணாந்தேதிதான் மொத நாளு. அதுலேருந்து ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு கூட்டிக்கிட்டே வருது. உள்ள இருக்கது நம்பர்தான். தேதியா காட்டுறதெல்லாம் நமக்காவ.”

அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை. இன்றைய எண்ணிலிருந்து அதைக் கழித்துக் காட்டினேன். 9877.

அண்ணாச்சி கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த நான்கு இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தன நாளா? ஞாயித்துக்கெழமையும் சேத்தா?”

“அதுக்கு ஞாயித்துக்கெழம, தீவாளி ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. எல்லா நாளும் ஒரு நாளுதான்.”

“அப்பம் அதுவும் நம்ம பட்டறையிலதான் வேல பழகிருக்கும்” என்றார்.