ஐஸ்பெட்டி வருவதற்குள்

"சாம்பிள் கெட்டுப்போறதுக்குள்ள வந்துடுங்க சார்," என்று போனில் சொல்லிவிட்டுத் திரும்பினாள் மகள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மூச்சு நின்று அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆய்வுக்கூடத்தில் தினமும் புழங்குகிற சொல், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து மானத்தை வாங்கிவிட்டது.

"யாருடி சாம்பிள்?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க நேற்றுவரை சரி சரி என்றவள்தான். நேரம் போனால் செல்கள் எதற்கும் உதவாது. எலி மூளையைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன மகளுக்கு, அப்பாவுக்கு வந்த இந்த நரம்பு நோய் கண்ட மனித மூளை கிடைப்பது குதிரைக்கொம்பு. பேச்சு போகுமுன் அப்பாவே கொடுக்கச் சொன்னதுதான். இருந்தும் அந்த அவசரம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தலைக்குள்ள அப்படி என்னத்தப் பாக்கப் போற?"

"நரம்பு செல்லுக்குள்ள ஒரு உருண்டை இருக்கும்மா, கரு. அதுக்குள்ள புரதமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியா சேரும். அந்தப் புரதத்து மேல இன்னொரு குட்டிப் புரதம் வந்து ஒட்டிக்கும். வேலை முடிஞ்சதும் கழண்டுக்கணும். அப்பாவுக்குக் கழலாம கட்டியா நின்னுடுச்சுன்னு நெனக்கிறோம்."

"இத்தனை வருஷம் படிச்சும் நெனப்புதானா?"

"பாத்தாதானே தெரியும்."

"தெரிஞ்சா இவரு எழுந்து உக்காந்துடுவாரா?"

"மாட்டாரு."

அம்மா அப்பாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"உன் வயசுலதான் இவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது. இவரு அண்ணனுக்கும் அப்படித்தான். உனக்கு?"

தனக்கும் வருமா என்பது ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். ஊரில் உள்ள செல்லையெல்லாம் துருவித் துருவிப் பார்க்கிறவள், அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பயம்தான், வேறொன்றுமில்லை.

"இன்னும் பாக்கலம்மா."

அம்மா அப்பாவின் தலையிலிருந்து கைகளை எடுத்தாள்.

"எடுத்துக்கச் சொல்லு. நல்லா பாருங்க."

ஆய்வுக்கூடத்துக்காரர் ஐஸ்பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. ஜாடியிலிருந்து டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மகளிடம் நீட்டினாள். மகள் ஒரு கையால் வாங்கிக் குடித்து முடிக்கும்வரை, அம்மா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.