கொத்தமங்கலத்தில் இருந்த கிசும்பே எக்ஸ்சேஞ்ச்

கீழே வருவதில் ஒரு சொல் பொய்யானாலும், சொல்கிறவன் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் மாசித் தெப்பத்தன்று, அத்தனை கூட்டமும் பார்க்க, திருக்கோஷ்டியூர்க் குளத்தில் உதிரட்டும். 1995 மாசியிலிருந்து, ஆப்பிரிக்காவில் கிசும்பே என்கிற ஊரின் கடைத்தெருவிலிருந்து அதே ஊர் ஆஸ்பத்திரிக்கு, அதாவது ஒரு பீடி குடித்து முடிக்கிற தூரத்துக்கு, யார் போன் போட்டாலும் அந்தப் போன் சிவகங்கை மாவட்டம் கொத்தமங்கலத்தில் சூசைமேரி டீச்சர் வீட்டுக்கு வந்து, அவள் அனுப்பி வைத்தால்தான் போய்ச் சேர்ந்தது. அந்த மாசம் திருப்பத்தூர்ச் சந்தையில் தக்காளி கிலோ மூணு ரூபாய்.

சூசைமேரியின் புருஷன் உபகாரசாமி டெலிபோன் கேபிள் இணைக்கிறவர். பூமிக்கடியில் போகிற கேபிளுக்குள் மயிர் மாதிரி நூறு ஜோடி செம்புக்கம்பி இருக்கும். குழி தோண்டி உட்கார்ந்து, ஜோடி மாறாமல் முறுக்கி, மேலே ஈயத்தை ஊற்றி மூடுவது அவர் வேலை. ஜோடி மாறினால் மளிகைக்கடைக்குப் போட்ட போன் மாமனார் வீட்டில் அடிக்கும். இருபது வருஷத்தில் அவர் கையில் ஒரு ஜோடி மாறியதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். மூடுவதற்கு முன்னால் சோதனைப் போனில் மற்றவர்கள் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்துவார்கள். இவர் ‘சூசை, கேக்குதா?’ என்பார். மறுமுனைக் குழியில் மீசை வைத்த ஆள் ஒருத்தர் ‘கேக்குது’ என்பார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

1992 தை மாசம் ஒரு குளிர்தேசத்துக் கம்பெனி, கிசும்பேயில் டெலிபோன் லைன் போட அவரைக் கூப்பிட்டது. ரெண்டு வருஷம் என்று பேச்சு. ஆனால் ஒப்பந்தத்தின் அடியில் எறும்பெழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு புகார் வராமல் லைன் நின்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம், அதுவரை ஆளை விடமாட்டோம். “மழைதான சூசை? நாலு நாள் பேயும். அஞ்சாம் நாள் நான் பஸ் ஏறிருவேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சிவகங்கைச் சீமையில் பிறந்தவருக்கு மழையைப் பற்றி அதற்கு மேல் என்ன தெரியும்.

கிசும்பேயில் மழை எட்டு மாசம். முதல் வருஷம் நட்ட கம்பங்கள் மழையில் துளிர்த்துக் கிளை விட்டு, கம்பியோடு சேர்ந்து பனை உயரம் வளர்ந்துவிட்டன; போன் பேச மரம் ஏறவேண்டியிருந்தது. இரண்டாம் வருஷம் ஒட்டகச்சிவிங்கிகள் கம்பியில் கழுத்தைச் சொறிந்தே லைனைச் சாய்த்தன. விழுந்த செம்பெல்லாம் கல்யாண சீசனில் பெண்களின் வளையலாகிவிட்டது. வளையல் கையைக் காதோரம் குலுக்கினால் பேச்சு நன்றாகவே கேட்டது, ஆனால் கம்பெனி அதை லைன் என்று ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருஷம் உபகாரசாமி எல்லாவற்றையும் பூமிக்கடியில் இறக்கினார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு இணைப்பு. ஒவ்வொன்றிலும் ‘சூசை, கேக்குதா?’ வண்டிமாடு பழகிய தடத்தில் தானாக வீடு வந்து சேருமே, அது மாதிரி ஒரே பேரைத் திரும்பத் திரும்பக் கேட்ட செம்பு அந்தப் பேருக்குரிய வீட்டைத் தேடிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டது.

நூற்றுப் பதினோராவது இணைப்பில் கொத்தமங்கலத்தில் மணி அடித்தது. காப்பி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த சூசைமேரி எடுத்தாள். “சூசை, கேக்குதா?” “கேக்குதுங்க, எப்ப வாரீ...” அதற்குள் அவர் ஈயத்தை ஊற்றி மூடிவிட்டார். வேலையில் அவ்வளவு சுத்தம். இப்படி இருநூற்று இரண்டு தடவை. அவளுடைய கேள்வி ஒரு தடவைகூட முழுசாகக் கடல் தாண்டவில்லை. அவரோ, வீட்டு நினைப்புத்தான் காதில் பேசுகிறது என்று முடிவுகட்டிக் கம்பெனி டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்.

லைன் திறந்த அன்றிலிருந்து கிசும்பே மொத்தமும் அவள் காதுக்கு வந்தது. கீழே வைத்துவிடலாம். வைத்தால் புகார் போகும், புகார் போனால் மனுஷன் இன்னொரு மழைக்காலம் அங்கேயே கிடப்பார். அதனால் நாற்பது நாளில் அந்தப் பாஷையைப் படித்தாள். ‘சுபிரி’ என்றால் அங்கே ‘கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். அதைச் சொல்லி ஆளை நிறுத்தி, யாருக்குப் போகவேண்டுமோ அந்தப் பேரை ரிசீவரின் வாய்க்குழியில் சொன்னால் போதும், பேர் பழகிய செம்பு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பகலில் பள்ளிக்கூடம் உண்டே என்று கேட்கலாம். அது தெரிந்து கிசும்பேக்காரர்களும் நடந்துகொண்டார்கள். அங்கே பிரசவ வலிகூட நம் கணக்கில் நாலரை மணிக்கு மேல்தான் எடுத்தது.

அடுத்த வீட்டு நாகவல்லி சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“ஏக்கா, இம்புட்டு நேரமா யாரு?”

“கோழி யாவாரி. மாமியாரத் திட்டுறான்.”

“என்னன்டு? சொல்லுங்கக்கா, நம்மகிட்ட இல்லாத திட்டான்னு பாப்பம்.”

“போடி அங்குட்டு. லைன்ல ஆளு இருக்காக.”

சித்திரையில் அங்கே மழை பிடித்ததும் ரிசீவரிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. முதலில் செம்பு வைத்தாள், பிறகு அண்டா, பிறகு தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. ரசத்துக்கு அருமையான தண்ணீர், பருப்பு மட்டும் வேகாது. இங்கிருந்தும் சும்மா இல்லை, தாளிப்பு வாசம் அங்கே போயிற்று. லைனைச் சோதிக்க வந்த அதிகாரி, ‘ஒலி தெளிவு, இடையில் ஏதோ விதை பொரிகிறது’ என்று எழுதிப் பாஸ் போட்டார். அவள் ஊர் ரகசியமெல்லாம் கேட்கிறாள் என்று பங்குனியிலேயே பங்குச் சாமியார் கண்டிக்க வந்திருந்தார். “பாவம் கேக்குறது எங்க வேலையில்ல டீச்சர்?” அன்று தவக்கால வெள்ளிக்கிழமை. ரிசீவரில் ஆட்டுக்கறி சுடுகிற வாசம் வந்துகொண்டிருந்தது. சாமியார் அது தீருகிறவரை இருந்து கண்டித்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்தது. ஒரு புகார் இல்லை. சூசைமேரி புருஷன் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்ட அன்று ஒரு போன் வந்தது. கம்பெனியின் பெரிய இன்ஜினியர், தலைமை ஆபீஸைக் கேட்டார். லைன் இப்படி மலை மாதிரி நிற்பதால் உபகாரசாமியை இன்னும் ஆறு வருஷம் வைத்துக்கொள்ள உத்தரவு வேண்டுமாம். அவள் கட்டிக் காத்த லைனே அவள் புருஷனைக் கட்டிப்போடப் பார்த்தது. அத்தனை மாசத்தில் அவள் ஒரு போனைத் தடுத்ததில்லை, ஒரு வார்த்தை மாற்றியதில்லை. ‘சுபிரி’ என்றாள். அடுப்பில் கடுகு பொரிந்த சட்டியை இறக்கி வைத்தாள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பேசுகிற தொண்டையை எடுத்துக்கொண்டாள்.

“யெஸ். ஹெட் ஆபீஸ். எக்ஸ்டென்ஷன் நாட் சாங்ஷன்ட். ரிலீவ் ஹிம் இம்மீடியட்லி.”

“வூ இஸ் ஸ்பீக்கிங், ப்ளீஸ்?”

“ஹையர் அதாரிட்டி.”

இன்ஜினியர் எழுந்து நின்றது அவளுக்குக் கேட்டது. “மேடம், இஸ் தட் மஸ்டர்ட்?” என்றார் பயந்துகொண்டே.

“நோ அன்னெசரி கொஸ்டின்ஸ்.”

ஞாயிற்றுக்கிழமை இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சாமியார் மூன்று ஜெபமாலை அபராதம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, காரைக்குடிப் பங்குக்குத் தனக்கொரு மாற்றல் உத்தரவு அதே போனில் வருமா என்றும் கேட்டார்.

1996 தை மாசம் உபகாரசாமி டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். “சூசை” என்றார். அவள் காதில் ரிசீவர். கிசும்பேயில் ஒருத்திக்குத் தலைப்பிரசவம், சூசைமேரி டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையைக் காட்டி “சுபிரி” என்றாள். நாலு வருஷம் அந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர், அர்த்தம் புரிந்து பெட்டி மேல் உட்கார்ந்தார். ரிசீவரிலிருந்து பிள்ளையின் அழுகை வந்தது. பிறகுதான் அவள் திரும்பி, “எப்ப வந்தீக?” என்று, அந்தக் கேள்வியை ஒருவழியாக முழுசாகக் கேட்டாள்.

அவர் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். முகம் மெல்ல மாறியது. “அப்ப அந்த மாத்திரையெல்லாம் தெண்டமா?” என்றார். பிறகு, “ஜோடி எதுவும் மாறலயே?”

“மாறல. கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.”

மறுநாளிலிருந்து பகல் ஷிப்ட் அவர், சாயங்காலம் அவள். கிசும்பேயில் காலையிலும் பிள்ளை பிறக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் லைன் எத்தனை தடவை அறுந்தாலும் கிசும்பே லைன் மட்டும் அறுந்ததில்லை.

1989இல் சூசைமேரி கொடுத்த விண்ணப்பம் ஒருவழியாக மேலே வந்து, அந்த வீட்டுக்கு டெலிபோன் இணைப்புக் கிடைத்தது 1999 ஆவணியில். அதற்கு முன்னால் அங்கே போனே கிடையாது.