சரோஜா வாசலுக்கு வந்த சிறகுச் செருப்பு

சவுதியில், ஜுபைல் நகரத்துக்கு மேற்கே, எண்ணெய்க் குழாய்கள் மணலுக்குள் இறங்கும் இடத்தைத் தாண்டி, மனிதர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் முகாம் ஒன்று இருக்கிறது. எந்த வரைபடத்திலும் அதைப் போடவில்லை. நடத்துகிற கம்பெனிக்காரர்களுக்குப் பழைய ரோமாபுரிப் புராணத்தில் பித்து. வாசலில் ஜானஸ் என்ற இரட்டைமுகத் தெய்வம் நிற்கிறது; வருகிறவர்களைப் பார்க்கும் முகத்துக்கு மட்டும் கண் திறந்திருக்கிறார்கள், போகிறவர்களைப் பார்க்கும் முகத்துக்கு இல்லை. உள்ளே வல்கன் என்ற நெருப்புத் தெய்வத்தின் பட்டறையில் வெல்டர்கள் வெறுங்கையால் தீயைப் பிடிக்கப் பழகுகிறார்கள். பழகியபின் கையுறை கிடையாது. அடுத்த மைதானம் மெர்க்குரி என்ற தூதுத் தெய்வத்தினுடையது. அங்கே கணுக்காலில் சிறகு வைத்த செருப்பு தருகிறார்கள். பறக்கிறவனுக்குச் சாரம் எதற்கு, இடுப்பு பெல்ட் எதற்கு? இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். கேளுங்கள் கண்ணுகளா, சாமி பேரைச் சொல்லி மிச்சம் பிடிக்கக் கிடைத்தது இந்த வேலைக்காரர்களுடைய உயிர்தானா?

அம்மையப்பன் சிவகங்கைப் பக்கத்து ஆள், சாரம் கட்டும் வேலைக்கு வந்தவர். மகள் விஜிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் லீவு கேட்டார். பயிற்சி அதிகாரி ஸ்ரீகாந்த், சென்னைக்காரர், நல்ல தமிழிலேயே மறுத்தார். "பயிற்சி முடியாம லீவு கிடையாதுண்ணே. முடிஞ்சா நீங்களே பறந்து போயிடலாமே" என்று சிரிப்பு வேறு. சிறகுச் செருப்பைத் தூங்கும்போதும் கழற்றக் கூடாது என்பது முகாமின் சட்டம். ரூமில் மற்றவர்கள் போட்டபடியே படுத்தார்கள். அம்மையப்பனுக்கு மனம் ஒப்பவில்லை; தண்ணீர் கேனுக்கு மேலே முருகன் படம் மாட்டியிருந்தது. எப்போதும்போல வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். கால் இல்லாத சிறகு, போட்டவனின் நினைப்பு எங்கேயோ அங்கே போய்விடும். ரோமாபுரித் தெய்வங்கள் ரூம் வாசலில் செருப்பை விட்டதில்லை, அதனால் இது அவர்களுக்கே தெரியாது. விடிந்தபோது செருப்பு இல்லை. கம்பெனிச் சொத்தைத் தொலைத்தவனுக்கு இனி லீவே இல்லை என்றார்கள். மைதானத்தில் பறப்பதை வேடிக்கை பார்க்க வரும் விருந்தினர்களுக்கு ஜூஸ் தட்டு ஏந்தும் வேலையில் போட்டார்கள். பெண்ணைப் பெற்றவன், கல்யாணத்துக்கு முதல் நாள், யார் யாருக்கோ ஜூஸ் நீட்டிக்கொண்டு நின்றான்.

ஊரில் அன்று விடியற்காலையில் அவர் மனைவி சரோஜா வாசல் தெளிக்க வந்தபோது அந்தச் செருப்பு அவள் செருப்புக்குப் பக்கத்தில் சிறகை மடக்கிக்கொண்டு கிடந்தது. குதிகாலைத் தேய்த்து நடக்கும் புருஷனின் தேய்மானம் அவளுக்குத் தெரியாதா? சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மஞ்சள் அரைத்த கையோடு கிளம்பிவிட்டாள். கடலைத் தாண்டி அவள் மைதானத்தில் இறங்கியபோது, இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

ஸ்ரீகாந்த் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "யாரும்மா நீங்க? விசா இருக்கா?"

"பொண்ணுக்குத் தாரை வாக்க ஆளில்லாம நிக்கிறோம், விசாவா கேக்குறீக? மனுசன மேல ஏத்தி வேடிக்கை காட்டத் தெரியுது, வீட்டுக்கு அனுப்பத் தெரியலையாக்கும்!"

"அது கம்பெனி செருப்பும்மா."

"எம் புருசனும் கம்பெனியோடதா?"

மறுபடி கைதட்டல். அம்மையப்பன் கூசிப்போனார். "கத்தாத புள்ள, ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும்! தட்டக் கீழ வையி. இந்தா, ஒத்தச் செருப்ப மாட்டுய்யா."

ஆளுக்கொரு செருப்போடு கைகோத்துக்கொண்டு எழும்பினார்கள். ஒற்றைச் சிறகு ஒரு பக்கமாகவே இழுத்தது. நீதான் சாய்க்கிறாய், நீதான் சாய்க்கிறாய் என்று கடல் முழுக்கச் சண்டை. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பந்தல் ஓரத்தில், வாழைமரத்தை உரசிக்கொண்டு இறங்கினார்கள். வானத்திலிருந்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமன் முறைக்காரர் ஒருவர் மட்டும், "சவுதியிலருந்து வர்றவன் ஒரு கோடாலித் தைலங்கூடக் கொண்டாரலையாப்பா?" என்றார்.

"நகருங்க மாமா, நேரமாகுது" என்று சரோஜா செம்பை எடுத்தாள். மகளின் கைக்குக் கீழே அம்மையப்பன் தன் கையை வைத்தார். தண்ணீர் விழுந்தது.