விலைக்கு ஒரு குறி

கிழக்கு வெளுக்கும் முன்பே இருநூறு பெட்டிகள் கட்டியாயிற்று. ஒட்டுநாடாவை இழுத்து இழுத்துப் பெட்டிக்காரியின் கட்டைவிரல் வெடித்திருந்தது. வெடிப்பில் அட்டைத்தூசி புகுந்து எரிந்தது. அதைவிட வயிறு எரிந்தது, தம்பியை நினைத்து.

தம்பி அதே கிடங்கின் பார்சல்களை வீடுவீடாகக் கொடுப்பவன். பணத்தையும் வாசலிலேயே வாங்க வேண்டும். நேற்று ஒரு வீட்டில் ஆயிரத்து இருநூறுக்குப் பில்லை நீட்டினான். வாங்கியவர் இணையக் கடையில் பார்த்த விலையோ நூற்றிருபது. திருட்டுப்பயலே என்று மாடிப்படியில் தள்ளிவிட்டார். கை இரண்டு இடத்தில் முறிந்தது. இந்த மாதம் அடிபட்ட மூன்றாவது ஆள் அவன்.

யார் குற்றம் என்று கிடங்கே அறியும். கடைப் பக்கத்தை அவரவர் மொழியில் தானாக மாற்றிக் காட்ட முதலாளி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பத்து மொழி பேசும் அந்த மொழிமாற்று மென்பொருள் மகராசன் சொற்களோடு நிற்காமல் விலையிலும் கை வைத்தான். பில் மட்டும் சரியான விலையில் அச்சானது.

முதலாளி இவ்வளவு சீக்கிரம் வந்தால் அது நல்லதுக்கில்லை. இன்று கையில் ஒரு காகிதமும் இருந்தது.

"உன் தம்பிதான் கூடக் காசு கேட்டான்னு எழுதியிருக்கு. அக்காங்கிற முறையில நீ ஒரு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரி செலவு என்னுது."

"போடாட்டி?"

"ரெண்டு பேருக்கும் வேலை இல்ல."

கையெழுத்துப் போட்டால் தம்பி காலத்துக்கும் திருடன். அவள் மூலையில் இருந்த கம்ப்யூட்டர்காரர் பக்கம் திரும்பினாள்.

"சார், விலைய மட்டும் அது தொடாமப் பண்ண முடியாதா?"

அவர் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தார். "முடியும்மா. இத மாத்தாதேன்னு ஒவ்வொரு விலைக்கும் ஒரு குறி போடணும். கடைய அரைநாள் மூடணும். அன்னிக்கே சொன்னேன்."

"அரைநாள் வியாபாரத்த யாருய்யா குடுப்பா?" முதலாளி கத்தினார்.

"அதுக்கு எங்க எலும்புதான் கெடச்சுதா?"

கேட்டுவிட்டு அவள் நாடாவைக் கீழே வைத்தாள். "குறி போடற வரைக்கும் ஒரு பெட்டியும் நகராது."

மேசை மேசையாகச் சத்தம் அடங்கியது. பார்சல்காரர்கள் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார்கள். இருபத்தாறு பேரும் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டர்காரரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

முதலாளி யாருடனோ போனில் பேசி முடித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது. "வேன்ல வேற ஆளுங்க வர்றாங்க. அப்புறம் போலீஸும் வரும்."

வேன் வந்தது. பதினான்கு பேர் இறங்கினார்கள். பசித்த முகங்கள். முன்னால் வந்தவரிடம் பெட்டிக்காரி போனில் கடைப் பக்கத்தையும், கையில் பில்லையும் காட்டினாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதக் கொண்டுபோனா என்னையும்தானே அடிப்பாங்க?"

"ஆமாண்ணே."

"ஏய், உள்ள போ!" முதலாளி இரைந்தார்.

அவர் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றப் பதின்மூன்று பேர் வேனருகிலேயே நின்றார்கள். தெருமுனையில் சைரன் கேட்டது. பெட்டிக்காரி அந்தப் பதின்மூன்று பேருக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.